வாசகர் கேள்வி பதில்: மருத்துவக் கல்லூரியில் கரிக்குலம் அனலிஸ்ட் வேலை

இந்த முறை ஒரே வேலையைப் பற்றி, அதாவது பாடத்திட்டத்தை அலசிப் பார்க்கிற கரிக்குலம் அனலிஸ்ட் வேலையைப் பற்றி, பல கேள்விகள் வந்திருப்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: புள்ளியியல் படித்தவள் நான். ஒரு மருத்துவக் கல்லூரியில் கரிக்குலம் அனலிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. எனக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. அங்கே போய் என்ன செய்வேன்?

பதில்: தைரியமாகப் போங்கள். மருத்துவம் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியில் வகுப்பு, லேப், சிறு குழு, வார்டு என்று ஏகப்பட்ட பேர் பாடம் எடுக்கிறார்கள், பார்மகாலஜியில் இந்த வாரம் என்ன ஓடுகிறது என்று அனாட்டமிக்குத் தெரியாது, சர்ஜரிக்கு இரண்டுமே தெரியாது. முதல் வருடத்திலிருந்து கடைசி வருடம் வரை மொத்தத்தையும் பார்க்கிற ஆள் மாணவர் ஒருவர்தான். அவருக்கு அடுத்தபடியாக நீங்கள் பார்க்கப்போகிறீர்கள்.

மருத்துவக் கல்வி நிபுணர் ரொனால்ட் ஹார்டன் 2001ல் கரிக்குலம் மேப்பிங் (எது எங்கே நடத்தப்படுகிறது, எங்கே சோதிக்கப்படுகிறது என்று கோர்த்துக் காட்டுவது) பற்றி ஒரு வழிகாட்டி எழுதினார். மாணவர் பல மேஜைகளாகச் சுற்றிவந்து ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்டுகிற ஆஸ்கி தேர்வை 1975ல் அறிமுகப்படுத்திய அதே ஹார்டன்தான். ஏட்டில் இருக்கிற பாடத்திட்டம், வகுப்பில் உண்மையில் நடந்தது, மாணவர் கற்றுக்கொண்டது, இந்த மூன்றும் வேறு வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். தேர்வில் கேட்டது என்று நான்காவதாக ஒன்றை நான் சேர்ப்பேன். இந்த நான்குக்கும் நடுவில் எங்கே இடைவெளி விழுகிறது என்று கண்டுபிடித்து, அதை மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள் முன்னால் வைப்பதுதான் வேலை. கற்றல் இலக்குகளைத் திரட்டுவது, எந்த இலக்கு எந்த வகுப்பில் வருகிறது, எந்தக் கேள்வியில் சோதிக்கப்படுகிறது என்று கோர்ப்பது, பாடத்திட்டக் குழுவுக்கு அறிக்கை தயாரிப்பது, அங்கீகாரக் குழு வரும்போது ஆதாரம் எடுத்துக் கொடுப்பது, எல்லாம் இதற்குள் அடங்கும்.

உங்கள் புள்ளியியல் வீணாகாது. தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு கடினம், நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக் காட்டியதா என்று கணக்குப் போடுவார்கள். மொத்தத்தில் நல்ல மார்க் வாங்கியவர்கள் ஒரு கேள்வியில் மட்டும் கூட்டமாகத் தவறவிட்டு, குறைந்த மார்க் வாங்கியவர்கள் அதைச் சரியாக எழுதியிருந்தால் நிறுத்திப் பாருங்கள். விடைக்குறிப்பே தப்பாக இருக்கலாம், கேள்வி இரண்டு அர்த்தம் தரலாம், அல்லது இரண்டு துறைகள் ஒரே விஷயத்தை வேறு மாதிரி நடத்தியிருக்கலாம். மூன்றாவது காரணம் என்றால் அது தேர்வுப் பிரிவோடு முடிகிற விஷயம் இல்லை, பாடத்திட்டக் குழுவுக்குப் போக வேண்டும்.

கேள்வி: எல்லாப் பாடக்குறிப்பும் கணினியில் இருக்கிறதே, தேடினால் எது எங்கே நடத்தப்படுகிறது என்று வந்துவிடாதா? இதற்கு எதற்குத் தனியாக ஒரு ஆள்?

பதில்: தேடலாம், வருவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன் என்று முழுசாக எழுதியிருப்பார், இன்னொருவர் எம்ஐ, கார்டியாலஜியில் ஏசிஎஸ், எமர்ஜென்சியில் நெஞ்சு வலியோடு வரும் நோயாளி என்று மட்டும் தலைப்பு இருக்கும். ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் மற்ற வகுப்புகள் விட்டுப்போகும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், அதுதான் ஆபத்து. வலி என்று தேடினால் எக்கச்சக்கமாக வந்து விழும், திறந்து பார்த்தால் நரம்புப் பாதை, வயிற்று வலிக்கான காரணங்கள், பிரசவ வலி என்று இருக்கும். நாள்பட்ட வலியோடு வாழ்கிற ஒருவருக்கு எந்த மருந்தை எவ்வளவு காலம் கொடுப்பது, எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை யாருமே நடத்தியிருக்க மாட்டார்கள். பட்டியலைப் பார்க்கிறவர்கள் இந்தத் தலைப்பு நிறைவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

அப்புறம் ஆழம் என்று ஒன்று இருக்கிறது. மருத்துவக் கல்வி நிபுணர் ஜார்ஜ் மில்லர் 1990ல் திறனுக்கு நான்கு படி சொன்னார்: தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்து காட்டுவார், நிஜ வேலையில் செய்கிறார். இந்தியாவில் 2019ல் வந்த திறன் சார்ந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு திறனுக்கும் பக்கத்தில் கே, கேஹெச், எஸ்ஹெச், பி என்று எழுத்து போட்டிருப்பதும் இந்த வரிசையில்தான். ஏட்டில் செய்து காட்ட வேண்டும் என்று இருக்கும், தேர்விலோ அதற்கு நாலு விடை கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்லும் கேள்வி மட்டும் இருக்கும். மேப்பில் ஆழத்தையும் குறித்து வைத்திருந்தால் இந்தப் பொருத்தமின்மை ஒரே பார்வையில் தெரியும். என்னைக் கேட்டால் ஒரு அனலிஸ்ட் கொண்டுவரக்கூடிய மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு இந்த வகைதான், ஏனென்றால் தலைப்பு விட்டுப்போனால் யாராவது ஒருவர் எப்போதாவது கவனிப்பார், தப்பான படியில் சோதிக்கப்படுவதை யாரும் தற்செயலாகக் கவனிப்பதில்லை.

எந்த வகுப்பில் எந்தத் தலைப்பு வருகிறது என்று ஏஐ டேக் போட்டுத் தராதா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். முதல் சுற்றுக்கு உதவும், நன்றாகவே உதவும். ஸ்லைடில் இருந்ததைத்தான் அது படிக்கும், நேரம் போதாமல் கடைசி ஸ்லைடுகளைத் தாண்டிப் போனது அதற்குத் தெரியாது. அதை வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: நான் ஏற்கனவே இந்த வேலையில் இருக்கிறேன். பேராசிரியர்கள் மின்னஞ்சலுக்குப் பதிலே போடுவதில்லை. ஆடிட் செய்ய வந்தவன் மாதிரி பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்புகிற படிவத்தைப் பாருங்கள். உங்கள் வகுப்பின் கற்றல் இலக்குகளைப் பூர்த்தி செய்து அனுப்பவும் என்று வெறும் கட்டங்களாகப் போகிறதா? வார்டு ரவுண்ட்ஸும் ஆபரேஷனும் முடித்துவிட்டு வருகிற ஒருவர் அதைத் திறக்கவே மாட்டார். உங்களிடம் இருக்கும் குறிப்பிலிருந்து நீங்களே ஒரு வரைவு போட்டு, தப்பு இருந்தால் திருத்துங்கள் சார் என்று கொண்டுபோய்க் கொடுங்கள். வெறும் கட்டத்தை விட, தன் பாடத்தைப் பற்றி யாரோ தப்பாக எழுதியிருப்பது அவர்களைச் சீக்கிரம் பேச வைக்கும். கூடவே அவர்களுக்கு உதவுகிற தகவல் ஒன்றையும் கொண்டுபோங்கள், நீங்கள் நடத்துவதற்கு முன்னால் மாணவர்களுக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு ஏற்கனவே சொல்லியாகிவிட்டது என்பது மாதிரி. யாருடைய வகுப்பு நேரத்தையும் குறைக்கச் சொல்லி நீங்கள் பேசவே கூடாது. அது குழுவின் முடிவு, குழுத் தலைவர் பேசட்டும்.

கேள்வி: மூன்றாம் வருட மருத்துவ மாணவன். ஒவ்வொரு போஸ்டிங் (ஒரு துறையின் வார்டில் பயிற்சி) முடிந்ததும் ஃபீட்பேக் படிவம் கொடுக்கிறார்கள். யாராவது படிக்கிறார்களா?

பதில்: அனலிஸ்ட் இருக்கிற கல்லூரி என்றால் அவர் படிக்கிறார். நம்பி எழுதுங்கள், ஆனால் நடந்ததை எழுதுங்கள். போஸ்டிங் மோசம் என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, நான்கு வாரத்தில் ஒருமுறை கூட நான் நோயாளியைப் பரிசோதிப்பதை யாரும் நின்று பார்க்கவில்லை என்று எழுதினால் அது குழுவின் மேஜைக்குப் போகும். ஒரே போஸ்டிங்கை வெவ்வேறு மருத்துவமனைகளில் செய்கிறவர்களுக்குச் சமமான பயிற்சி கிடைக்கிறதா என்பது அமெரிக்காவின் எல்சிஎம்இ போன்ற அங்கீகார அமைப்புகள் கறாராகக் கேட்கிற விஷயம். அதே எல்சிஎம்இ போஸ்டிங் முடிந்து ஆறு வாரத்துக்குள் மதிப்பெண் மாணவர் கைக்கு வர வேண்டும் என்றும் சொல்கிறது. ஐந்து பேர் மட்டும் இருந்த போஸ்டிங்கில் யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. பொறுப்பான அனலிஸ்ட் அந்த மாதிரி சின்னக் குழுக்களைப் பல மாதங்களுக்குச் சேர்த்துத்தான் அறிக்கையில் காட்டுவார், இவ்வளவு சதவீதம் பேர் அதிருப்தி என்றும் எழுத மாட்டார், ஐந்து பேரில் சதவீதம் போடுவதில் அர்த்தம் இல்லை.

கேள்வி: என்னென்ன சாஃப்ட்வேர் தெரிந்திருக்க வேண்டும்? இன்டர்வியூவில் நான் அவர்களிடம் என்ன கேட்கலாம்?

பதில்: எக்ஸெல் நன்றாக வர வேண்டும், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கக் கொஞ்சம் எஸ்க்யூஎல், வரைபடமாகக் காட்ட பவர் பிஐ மாதிரி ஏதாவது ஒன்று. மீதியைப் போன இடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியவை இதைவிட முக்கியம். பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் அனலிஸ்ட் உட்காருவாரா, அல்லது அறிக்கையை அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்க வேண்டுமா? போன வருடம் கொடுத்த அறிக்கையால் எந்தப் பாடத்தில் என்ன மாறியது? அடுத்த அங்கீகார ஆய்வு எப்போது? ஆய்வுக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் ஆரம்பத்தில் காகிதம் சேகரிப்பதிலேயே உங்கள் நேரம் போகும், நான் மேலே சொன்னது எதுவும் அதற்கப்புறம்தான் நடக்கும். அது தெரிந்தே சேர்வது நல்லது.