வாசகர் கேள்வி பதில்: கோடு கீறும் கருவிகள்

கேள்வி: விடுமுறை நாட்களில் சிறிய மரப்பெட்டிகள் செய்து பழகுகிறேன். ஸ்கேலும் பென்சிலும் கொண்டு கவனமாகக் குறித்தாலும், நான்கு கழுந்துகளும் (துளைக்குள் பொருந்தும்படி செதுக்கும் முனைகள்) ஒரே அளவில் அமைவதில்லை. விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் மார்க்கிங் கேஜ் வாங்காமல் சமாளிக்க முடியுமா?

பதில்: ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்கேலைப் புதிதாகப் பார்த்துக் குறிக்கும்போதுதான் அரை மில்லிமீட்டர் இங்கும் அங்கும் நழுவுகிறது. அளவை ஒரே ஒரு முறை கருவியில் வைத்துவிட்டு, எத்தனை துண்டுகள் இருந்தாலும் அதே அளவில் கீறிக்கொண்டு போவதுதான் கேஜின் பயன். அதற்குக் கைக்கு அடங்கும் கெட்டியான மரத்துண்டு ஒன்றும், மேற்புறம் தட்டையான, தலைக்குக் கீழே கூம்பாகச் சரியும் ஸ்டார் ஸ்க்ரூ ஒன்றும் போதும்.

துண்டின் ஒரு முகத்தை இழைத்துச் சமமாக்கி, அதன் மேற்பாதியில் சிறு துளையிட்டு ஸ்க்ரூவை நேராக முடுக்குங்கள். கீழ்ப்பாதி பலகையின் விளிம்பில் படிந்து நிற்க, ஸ்க்ரூ தலையின் கூரிய வட்ட ஓரம் பலகையின் மேல் கோடு கீறும். மரத்துண்டின் முகத்திலிருந்து ஸ்க்ரூ தலையின் மேற்பரப்பு வரை உள்ள தூரமே உங்கள் அளவு. முடுக்கினால் குறையும், தளர்த்தினால் கூடும். ஒற்றை வெட்டுள்ள பழைய வகை ஸ்க்ரூ வேண்டாம். அந்த வெட்டு தலையின் ஓரம் வரை ஓடுவதால் அங்கே கோடு பிசிறும். ஸ்க்ரூவைப் பொருத்துவதற்கு முன் டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, தலையின் மேற்பரப்பில் மெல்லிய அரத்தைத் தட்டையாக வைத்தால் ஓரம் நன்கு கூராகிவிடும்.

முதல் இழுப்பு மிக மெதுவாக இருக்கட்டும், இரண்டாவதில் சற்று அழுத்துங்கள். முதல் இழுப்பிலேயே அழுத்தினால் கருவி மரத்தின் ரேகையோடு ஓடிவிடும். அப்படி நான் பாழாக்கிய தேக்குத் துண்டுகள் கொஞ்சமல்ல. கீறிய கோடு சிறு பள்ளமாக இருப்பதால் உளியின் முனை அதில் தானாகவே உட்காரும், பென்சில் கோட்டில் அது நடக்காது.

கேள்வி: குறிக்கும் கத்தியை உடைந்த ஹேக்ஸா பிளேடில் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் எல்லா பிளேடும் உதவாது. வளைத்தால் வளைந்துகொடுக்கும் வகையில் பற்கள் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும், உடல் மென்மையானது. படக்கென்று ஒடிகிற வகையே முழுவதும் கடினமானது. ஒடிந்த துண்டின் பற்களைத் தேய்த்து நீக்கி, முனையை ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சாணை பிடியுங்கள். மறுபக்கம் தட்டையாகவே இருந்தால்தான் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தோடு ஒட்டி நகரும். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். சாதாரணக் கார்பன் எஃகு சூடேறி நீலம் பாரித்தால் கடினம் போய்விட்டது என்று பொருள். பிடிக்குப் பழைய துணியை இறுக்கிச் சுற்றினால் போதும்.

கேள்வி: நானே செய்த மூலைமட்டம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நேரான விளிம்புள்ள பலகையில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுங்கள். பிறகு அதைப் புரட்டி, கோட்டின் அடிப்புள்ளியிலிருந்தே இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. மேலே போகப்போக விலகினால், உண்மையான பிழை அந்த இடைவெளியில் பாதிதான், 200 மி.மீ. உயரத்தில் 1 மி.மீ. விலகல் தெரிந்தால், சரிசெய்ய வேண்டியது அரை மில்லிமீட்டர். மூலைமட்டத்தின் அலகின் (கோடு இழுக்கும் பகுதியின்) விளிம்பை அந்த அளவுக்குப் பார்த்துத் தேய்த்து, மறுபடியும் புரட்டிப் பாருங்கள்.