மதுரை - சென்னை விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

நேர்கோட்டில் சுமார் 417 கிலோமீட்டர்தான். சாலையில் ஏறத்தாழ 460.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்றால் அரை மணியில் போய்விடலாமே, டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணி என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டவணை நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. மதுரையில் விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மீனம்பாக்கத்தில் வந்து நிற்பது வரை அத்தனையும் சேர்த்தி. ஏறவும் இறங்கவுமே பாதித் தூரத்துக்கு மேல் போய்விடும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். சென்னையில் ஓடுபாதை நெருக்கடி இருந்தால் வானில் வட்டமிட வேண்டிவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அடிக்கடி நடக்கும்.

டிக்கெட்டில் ஏடிஆர் என்றிருந்தால் அது விசிறி விமானம், வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். அதற்கு ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையம் 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவனியாபுரம் வழியில் நெரிசல் உண்டு. பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். பெட்டி இருந்தால் இரண்டு மணி முன்னதாகவே போய்விடுங்கள். ஆக, வீட்டிலிருந்து வீட்டுக்கு ஐந்து மணி நேரம். எழும்பூர் பக்கம் வேலையென்றால் நான் தேஜஸ் ரயிலையே சொல்வேன்.