கணக்கு டீச்சர் பதில்கள்: அன்றைய எஸ்.எஸ்.எல்.சி., இன்றைய பிளஸ் டூ

(சாத்தூர் வட்டாரத்தில் அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாகவும், பின்னர் தலைமை ஆசிரியையாகவும் இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

1969-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். அந்தப் பதினோராம் வகுப்புப் படிப்பை வைத்தே ரிட்டயர் ஆகும்வரை ஆபீஸ் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதினேன். என் பேரன் பிளஸ் டூவில் 600-க்கு 561 வாங்கியிருக்கிறான். பேங்க் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் தடுமாறுகிறான். கல்வித் தரம் விழுந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வீர்களா?
- ஓய்வுபெற்ற குமாஸ்தா, கும்பகோணம்

ஐயா, உங்கள் பேரன் தடுமாறுகிறான் என்பதை அப்படியே நம்புகிறேன். என் வகுப்புகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய. ஆனால் தரம் விழுந்துவிட்டது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒன்றாம் வகுப்பில் உங்களோடு பலகையில் உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் பதினோராம் வகுப்பு வரை வந்தார்கள்? ஐந்தாம் வகுப்போடு சில பேர் மாடு மேய்க்கப் போயிருப்பார்கள். எட்டாம் வகுப்பில் ஈ.எஸ்.எல்.சி. தேர்வு சில பேரை நிறுத்தியிருக்கும். வயதுக்கு வந்ததும் பெண் பிள்ளைகளின் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து போய்விடும். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த இந்தியர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். பெண்களில் ஒன்பது பேர். நீங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது அதிலிருந்து சில வருடங்களுக்குள். காமராஜர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்த பிறகு பள்ளிக்கூடத்துக்குள் வந்த பிள்ளைகள்கூடப் பாதி வழியில்தான் நின்றார்கள். கடைசிவரை வந்த சிலரின் ஆங்கிலத்தை வைத்து அந்தக் காலத்தை அளக்கிறோம். வராதவர்களின் ஆங்கிலத்தை யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊரில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். எண்பதுகளில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு ஏறுவார்கள். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் அந்தச் சின்ன விரல்கள்தான். என் வகுப்பில் இருந்தவர்கள் அந்த வேனில் ஏறாதவர்கள். அந்த வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டி நான் பெருமைப்பட்டால், அது வேனில் போனவர்களுக்குச் செய்கிற அநியாயம். இன்று அதே தெருக்களின் பிள்ளைகள் பிளஸ் டூ எழுதுகிறார்கள். 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு 47. இந்தியா முழுக்கச் சேர்த்தால் 28தான்.

பாடத்தையும் பாருங்கள். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் நீங்கள் தொகை நுண்கணிதம் படித்திருக்க மாட்டீர்கள். பி.யூ.சி. என்று அப்போது கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்புக்குப் போனவர்கள்தான் படித்தார்கள். 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பிலேயே வகையிடலும் தொகையிடலும் வந்துவிடுகின்றன. நானே ஒரு மூச்சு நின்று யோசிக்கிற கணக்குகள் அதில் உண்டு.

அப்படியானால் பேரன் ஏன் தடுமாறுகிறான்? கடிதம் எழுதுவதை யாரும் அவனிடம் கேட்கவே இல்லை. பொதுத்தேர்வில் இன்ன பாடத்திலிருந்து இன்ன மார்க் கேள்வி என்ற புளூபிரிண்ட் இருந்த வருடங்களில், அதற்கு மட்டுமே பிள்ளைகளைத் தயார் செய்தோம். இன்னும் மோசம், பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகள் ஏராளம். 1200-க்கு 1180 என்று பிளக்ஸ் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் என்ஜினீயரிங் முதல் செமஸ்டரில் அடித்தளமே இல்லாமல் திணறினார்கள். 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததும், அதே சமயத்தில் ரேங்க் அறிவிப்பை நிறுத்தியதும் இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான். தரத்துக்குக் கேடு எதுவென்று என்னைக் கேட்டால் இந்த மார்க் வியாபாரத்தைத்தான் சொல்வேன். பிள்ளைகளின் மேல் பழியைப் போட மாட்டேன்.

உங்களால் ஆகிற காரியம் ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை பேரனை உங்களுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் தமிழில், ஒரு வாரம் ஆங்கிலத்தில். நீங்கள் சிவப்பு மையைத் தொடாமல் பதில் கடிதம் எழுதுங்கள். அவன் தப்பாக எழுதிய சொல்லை உங்கள் கடிதத்தில் சரியாக எழுதினால் போதும், அவன் கண்ணில் படும்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயில் போடக்கூடாது என்று வந்ததிலிருந்து பிள்ளைகளுக்குப் பயமே போய்விட்டது. ஆறாம் வகுப்புக்கு வருகிறவனுக்குக் கழித்தல் தெரியவில்லை. பழையபடி பெயில் போட்டால் என்ன?
- பட்டதாரி ஆசிரியர், தருமபுரி

உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது சார். ஆனால் பெயில் போட்டால் அவனுக்குக் கழித்தல் வந்துவிடுமா? அதே வகுப்பில், அதே பாடத்தை, அதே மாதிரி இன்னொரு வருடம் கேட்பான். பக்கத்தில் தம்பி வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் அடுத்த ஜூனில் பள்ளிக்கே வரமாட்டார்கள். இதை 2010-க்கு முன்னால் வருடா வருடம் பார்த்தவள் நான்.

அந்தப் பையனிடம் 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 45 என்று எழுதுவான். கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டிவிடாதீர்கள். 5-இல் 1 போனால் 4, அடுத்து 7-இல் 2 போனால் 5. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று என்றோ யாரோ சொன்னதை விசுவாசமாகக் கடைப்பிடித்திருக்கிறான். கடன் வாங்குவது அவனுக்கு வெறும் சடங்கு. பத்து ஏன் வருகிறது என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் தீக்குச்சிக்குப் பஞ்சமில்லை. மருந்து வைக்காத குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஒரு மாணவியிடம் பதினேழு கொடு என்பேன். ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு, ஏழு உதிரிக்குக் கையைப் பிசைவாள். கொஞ்ச நேரத்தில் அவளே இன்னொரு கட்டின் ரப்பரைக் கழற்றுவாள். அந்தக் கட்டைக் கழற்றுவதற்குப் பெயர்தான் கடன் வாங்குவது என்று அப்போது சொல்வேன். அதற்குப் பிறகு அவள் 45 எழுதியதில்லை. இதற்கு ஒரு பீரியட் போதும்.

பெயில் போடாத சட்டத்தை வைத்துக்கொண்டு கற்பிக்காமலும் இருந்துவிட்டோம் என்பது உண்மை. அதைத் திருத்த வேண்டியது நாம்தான். கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டங்கள் இரண்டுமே அந்த அடிப்படையைப் பிடிக்க வந்தவை. உங்கள் ஆறாம் வகுப்பில் முதல் மாதம் பாடப்புத்தகத்தைத் தொடாமல் இருக்கத் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். விஷயத்தைச் சொன்னால் கொடுப்பார்.

நான் 1992-இல் பிளஸ் டூ. டைப்ரைட்டிங் ஹயர் முடித்து அரசு வேலைக்குப் போனால் போதும் என்பார் அப்பா. எனக்கு என்ஜினீயரிங் என்று ஒரே பிடி. என் மகளோ மாதம் ஒரு லட்சியம் சொல்கிறாள். இந்தத் தலைமுறைக்கு மன உறுதி குறைவோ?
- இல்லத்தரசி, வேளச்சேரி

வருடத் தொடக்கத்தில் பத்தாம் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, என்னவாக ஆசை என்று எழுதச் சொல்வது என் வழக்கம். சீட்டுகளைப் பத்திரப்படுத்தியும் வைத்தேன். எண்பதுகளின் சீட்டுகளில் டீச்சர், நர்ஸ், திரும்பவும் டீச்சர். எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் சம்பளம் வாங்கிப் பார்த்த பெண்கள் அந்த இரண்டு பேர்தான். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் வந்தது. அப்புறம் எங்கள் பக்கத்துக்கும் வந்தது. காக்கிச் சட்டை போட்ட அக்காவைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்த பிறகுதான் சீட்டில் போலீஸ் வந்தது. இரண்டாயிரத்தை ஒட்டி, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் சாப்ட்வேர் என்று எழுதினார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சென்னையிலிருந்து அனுப்பிய பணத்தில் மாடி எழும்பியதை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

உங்கள் அப்பாவின் கணக்கும் அப்படி வந்ததுதான் அம்மா. அவருக்குத் தெரிந்த பத்திரமான வழி, லோயர் முப்பது, ஹயர் நாற்பத்தைந்து என்று நிமிடத்துக்கு ஆங்கிலச் சொல் அடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக் காத்திருப்பது. 1984-க்குப் பிறகு தனியார் என்ஜினீயரிங் கல்லூரிகள் வந்ததால்தான் உங்கள் கண்ணுக்கு இன்னொரு வழி தெரிந்தது. உங்கள் உறுதியைக் குறைத்துச் சொல்லவில்லை. உறுதி பிடிக்க உங்களுக்கு ஒரு கொம்பு கிடைத்தது என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. நான் படித்த காலத்தில் பதினோராம் வகுப்பு முடிந்தால் பி.யூ.சி.க்கு வெளியூர்க் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். என்னோடு எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் வகுப்பு வாங்கிய தோழிகள் அந்த இடத்தில் நின்றுபோனார்கள். பஸ் ஏறவிட வீட்டில் மனம் வரவில்லை. 1978-இல் பிளஸ் டூ பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்ததும், சின்ன ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்தில் படிக்க நேரம் நீண்டது. அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது. பாடத்திட்டத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

உங்கள் மகள் ஒரு போனுக்குள் நூறு வேலைகளைப் பார்க்கிறாள். மாதம் ஒன்று சொல்வதில் அதிசயம் இல்லை. சொல்லட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுநாள், அந்த வேலை செய்கிறவர் பக்கத்தில் அவளை உட்கார வையுங்கள். கட்டட வரைகலை என்றால் வெயிலில் சைட்டுக்கும் போகட்டும். மூன்று, நான்கு பேரைப் பார்த்ததும் பேச்சு தானாகவே குறையும்.

மகள் அரசுப் பள்ளியில் படித்தாள். இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். மூன்றாவது முறையும் கோச்சிங் என்கிறார் அவள் அப்பா. அவள் சாப்பிடுவதே குறைந்துவிட்டது. வேறு ஏதாவது படிக்கிறேன் என்று என்னிடம் மட்டும் சொல்கிறாள்.
- ஒரு தாய், கோவில்பட்டி

முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள். அப்படியும் சோர்வு தீராவிட்டால் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் நம் பக்கத்துக் கூலி வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டதைப் பார்த்தவர் அவர். அந்த ஆசை பொல்லாத ஆசை இல்லை. ஆனால் எழுதப் போகிறவள் அவள். வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகு இன்னொரு வருடம் கோச்சிங் வகுப்பில் உட்கார வைப்பது தண்டனை.

அவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம். ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் கொடுக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கால்நடை, வேளாண்மை, என்ஜினீயரிங், சட்டம் எல்லாவற்றிலும் அதே 7.5 விழுக்காடு உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் படிப்பு முடியும்வரை அவள் கணக்குக்கு வரும். கால்நடை டாக்டரும் டாக்டர்தான் என்று அவர் ஒருநாள் ஊரில் சொல்லிக்கொள்வார்.

அவள் எதை விரும்புகிறாள் என்று அப்பா முன்னால் அவளே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

பத்தாவது படிக்கிறேன். தாத்தா எட்டாவது, அப்பா டிப்ளமோ. எனக்கு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்க ஆசை. அப்பாவைவிடக் கீழே போகிறாயா என்று வீட்டில் அழுகிறார்கள்.
- மாணவன், ராஜபாளையம்

தம்பி, வீட்டில் அழுகிறவர்களிடம் இந்த வரிசையைக் காட்டு. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு. அதாவது நீ அப்பாவின் இடத்துக்கும், அதைத் தாண்டியும், கையில் ஒரு தொழிலோடு போகலாம். ரயில்வேயும் பெல் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கின்றன. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் புதிய இயந்திரங்கள் வந்திருக்கின்றன. அதில் எது உனக்குப் பக்கம் என்று விசாரித்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பைப் பார். டிப்ளமோ படித்த மனிதர், மெஷினைப் பார்த்தால் அவருக்குப் புரியும்.

ஒரு கண்டிஷன். பத்தாவது கணக்கை விட்டுவிடாதே. பிரிவில் சேர மார்க் வேண்டும். பின்னால் டிப்ளமோவில் இரண்டாம் ஆண்டு நேராக நுழைகிறவர்கள் பலரும் தடுமாறுவது கணக்கில்தான். இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் இப்போதே நன்றாகப் போட்டுப் பழகு. சந்தேகம் வந்தால் இதே பகுதிக்கு எழுது, பதில் சொல்கிறேன்.