கழிவு கனெக்‌ஷன் இல்லாத எடத்துல கேம்ப்பிங் டிரெய்லர்: நாலு பேரு, அஞ்சு நாள், டேங்க் தாங்குமா?

கேள்வி: சார், எங்க கேம்ப்பிங் டிரெய்லர்ல ஷவர், சிங்க் தண்ணி சேர்ற கிரே டேங்க் 120 லிட்டர், டாய்லெட்டுக்கான பிளாக் டேங்க் 100 லிட்டர். நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேரு. அடுத்து அஞ்சு நாள் தங்கப்போற கேம்ப்கிரவுண்டுல தண்ணி, கரண்ட், பொது பாத்ரூம் எல்லாம் இருக்கு, டிரெய்லர் பக்கத்துல கழிவு கனெக்‌ஷன் மட்டும் இல்ல, டேங்க காலி பண்ற டம்ப் ஸ்டேஷன் கேட் பக்கம்தான். போன தடவை இதே மாதிரி எடத்துல ரெண்டாவது நாள் ராத்திரியே ஷவர் தரையில அழுக்குத் தண்ணி மேல ஏறி வந்துடுச்சு. பக்கத்து டிரெய்லர்காரர் கிரே தண்ணிய அப்படியே மண்ணுல விட்டுடறாரு, நாமளும் விடலாமா? இல்ல கழிவுத் தண்ணிய இழுத்துட்டுப் போற சக்கரம் வச்ச டேங்க் வாங்கி அதுல கனெக்ட் பண்ணி வால்வ திறந்தே வச்சுடலாமா? கழிவ அரைச்சுத் தள்ளற மாசரேட்டர் பம்ப் வாங்கச் சொல்றாங்களே, அது தேவையா?

பதில்: எல்லாரும் டாய்லெட் டேங்க பத்திதான் பயப்படறாங்க, ஆனா உங்கள மாட்டி விட்டது குளியல். டிரெய்லர்ல இருக்கற வடிகால்லயே தாழ்வானது ஷவர் தரைதான், அதனால கிரே டேங்க் ரொம்பிட்டா சிங்க்ல பாத்திரம் கழுவற தண்ணி கூட போக எடமில்லாம ஷவர் வழியா மேல வரும். டேங்க் எவ்வளவு ரொம்பிருக்குன்னு சொல்ற மீட்டர்ல என்ன காட்டினாலும் சரி, ஷவர் தண்ணி வடியறதுக்கு வழக்கத்த விட நேரமாகுதுன்னா டேங்க் கிட்டத்தட்ட ரொம்பிடுச்சுன்னு எடுத்துக்கோங்க, அதுக்கப்புறம் குழாய திறக்காதீங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. ஷவர் ஹெட் நிமிஷத்துக்கு 6 லிட்டர் விடுதுன்னு வச்சுக்குவோம், ஒருத்தர் அஞ்சு நிமிஷம் நின்னா 30 லிட்டர், நாலு பேருக்கு 120. அதாவது ஒரே ஒரு காலை குளியல்ல உங்க டேங்க் முழுசா ரொம்பிடும், ஒரு டம்ளர் கூட இன்னும் கழுவல. இதுவே நனைஞ்சுட்டு மூடி, சோப்பு போட்டுட்டு, திரும்ப திறந்து அலசினா மொத்தம் ஒன்றரை நிமிஷம்தான் தண்ணி ஓடும், ஆளுக்கு 9 லிட்டர், நாலு பேருக்கு 36. பாத்திரத்துக்கு ஒரு நாளைக்கு 10, கை கால் முகம் பல்லுன்னு இன்னொரு 10 போட்டா 56 லிட்டர், ரெண்டு நாள் ஓடும். ஒரு நாளைக்கு ரெண்டு பேருன்னு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிச்சா மூணு நாள். குளியல கேம்ப்கிரவுண்ட் பாத்ரூமுக்கு மாத்திட்டீங்கன்னா நாளைக்கு 20 லிட்டர்தான், ஆறு நாள் வரும், நீங்க தங்கறதே அஞ்சு நாள். பைசா செலவில்லாம பிரச்சினை தீர்ந்துச்சு, இதுக்கு மேல எதையும் வாங்க வேண்டாம்னு கூட நான் நிறுத்திடலாம், ஆனா பசங்க ராத்திரி மண்ணுல பொரண்டு வந்து நிப்பாங்க, மழை பெய்யும், பொது பாத்ரூம்ல க்யூ நிக்கும், எல்லாம் நடக்கும், அதனால மத்ததையும் சொல்லிடறேன்.

ஷவர் ஹெட்லயே சின்ன பட்டன் வச்சு தண்ணிய நிறுத்தற மாடல் கிடைக்குது, அத மாட்டுங்க, குழாய மூடி மூடித் திறந்தா ஒவ்வொரு தடவையும் சூடு சரி பண்ணறதுக்குள்ள ரெண்டு லிட்டர் போயிடும். அதே மாதிரி ஹீட்டர்லேர்ந்து சுடுதண்ணி வர்ற வரைக்கும் ஓடற பச்சத்தண்ணிய வீணா வடிகால்ல விடாம ஒரு வாளியில புடிச்சு வச்சுக்கோங்க, அது சுத்தமான தண்ணி, டாய்லெட்ல ஊத்தி ஃப்ளஷ் பண்ணலாம். ரெண்டு டேங்குக்கும் நல்லது: கிரேல எடம் மிச்சம், பிளாக்குக்கு தேவையான தண்ணி சேருது.

பாத்திர விஷயத்துல தட்டு, வாணலி எதுவா இருந்தாலும் எண்ணெயையும் மிச்சத்தையும் பேப்பரால துடைச்சு குப்பையில போட்டுட்டு அப்புறம் கழுவுங்க. தண்ணி மிச்சமாகறது ஒரு பக்கம், அந்த எண்ணெய்ப் பிசுக்குதான் டேங்க் சுவர்ல ஒட்டி சென்சார ஏமாத்துது, சோத்துப் பருக்கையும் காய்த்தோலும் உள்ள கெடந்து அழுகுது. கிரே தண்ணின்னா சோப்புத் தண்ணிதானே, என்ன நாறப்போகுதுன்னு நெனப்போம், ஆனா வெயில்ல ஒரு ரெண்டு நாள் தேங்கினா உள்ள ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா அழுகின முட்டை நாத்தத்த கெளப்பும், சில சமயம் டாய்லெட் டேங்க விட மோசமா இருக்கும். சிங்க் ஓட்டைக்கு நெருக்கமான சல்லடை ஒண்ணு கண்டிப்பா போடுங்க. டேங்க் ரொம்பாமலே நாத்தம் வருதுன்னா வண்டி ஓடின குலுக்கல்ல சிங்க் அடியில வளைஞ்ச பைப்புல நிக்க வேண்டிய தண்ணி சிந்திப் போயிருக்கும், ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினா போதும்.

இப்ப பக்கத்து டிரெய்லர்காரர் விஷயம். விடாதீங்க. பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுல இதுக்கு தடை இருக்கும், சில எடத்துல சட்டப்படியே குத்தம், எங்கயாவது அனுமதிச்சா ஆபீஸ்ல கேட்டாலே சொல்லிடுவாங்க. சட்டம் கெடக்கட்டும், அந்த தண்ணியில கொழுப்பு, உணவு, உடம்புலேர்ந்து வர்ற கிருமி எல்லாம் இருக்கு, நீங்க விட்ட எடத்துல நாளைக்கு வேற யாரோட குழந்தையோ உக்காந்து விளையாடும், எறும்பும் ஈயும் எலியும் வரும். பாட்டில்ல மக்கும் சோப்புன்னு போட்டிருக்கேன்னு கேப்பாங்க, அது மண்ணுல இருக்கற நுண்ணுயிர் பட்டாதான் மக்கும், ஓடையிலயோ ஏரியிலயோ நேரா போனா மீனுக்கு கெடுதல்தான். ஆளில்லாத காட்டுல தங்கறவங்க ஒரு சின்ன பேசின் பாத்திரத் தண்ணிய வடிகட்டி, நீர்நிலையிலேர்ந்து ஒரு 60 மீட்டராவது தள்ளிப் போய் பரவலா வீசறது வழக்கம்தான், அத வச்சு முழு டேங்க் வால்வ ஒரே எடத்துல திறந்து விடறத நியாயப்படுத்த முடியாது.

சக்கரம் வச்ச டேங்க் வாங்கலாம், ஆனா எதுக்குன்னு தெளிவா இருங்க. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. பெருசா இருந்தா ஒரே நடையில முடியும்னு 120 லிட்டர் டேங்க் வாங்கினா 120 கிலோவ மேட்டுல இழுக்கணும், காருல கொக்கி மாட்டி நடக்கற வேகத்துல இழுத்துட்டுப் போகலாம்தான், வழியில ஒரு குழி வந்தா சக்கரம் கழண்டு போகறது சகஜம். உங்களுக்கு என் யோசனை 60 லிட்டர், நாலு சக்கரம், கிரே தண்ணிக்கு மட்டும். டாய்லெட் கழிவ அதுல எடுக்க வேண்டாம், பிளாக் டேங்க் 100 லிட்டர் இருக்கு, பகல்ல பொது டாய்லெட்ட பயன்படுத்தினா அஞ்சு நாள் தாராளமா தாங்கும், அத கடைசி நாள் டிரெய்லரோட போய் டம்ப் பண்ணா போதும்.

கனெக்ட் பண்ணி வால்வ திறந்தே வைக்கலாமான்னு கேட்டீங்களே, கூடாது. 60 லிட்டர் டேங்க் சத்தமில்லாம ரொம்பி, ராத்திரி யாரோ பல்லு விளக்கும்போது காத்துப் போற மூடி வழியா வெளிய வழியும், உங்களுக்கு காலையிலதான் தெரியும். நிறைக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க. டேங்க், டிரெய்லர்லேர்ந்து கழிவு வெளிய வர்ற வாய விட தாழ்வா இருக்கணும், காத்து மூடிய திறக்கணும், இல்லன்னா தண்ணி உள்ள எறங்காம தொண்டையிலயே நிக்கும். வால்வ முழுசா இழுக்காம பாதி இழுங்க, முக்கால் ரொம்பினதும் மூடுங்க, ஏன்னா வால்வ மூடினதுக்கப்புறமும் ஹோஸ்ல நிக்கற தண்ணிக்கு எடம் வேணும். இதுதான் நெறைய பேரு சறுக்கற எடம். இணைப்புல கண்ணாடி மாதிரி தெரியற ஒரு முழங்கை பைப் வச்சுக்கிட்டா உள்ள என்ன ஓடுதுன்னு பாத்துக்கலாம்.

பிளாக் டேங்க் வால்வ மட்டும் எந்த ஊர்ல எந்த எடத்துலயும் திறந்து வைக்காதீங்க, கழிவு கனெக்‌ஷன் இருந்தாலும் சரி. தண்ணி மட்டும் வடிஞ்சு போயி கெட்டியானது டாய்லெட்டுக்கு நேர் கீழ குவிஞ்சு காஞ்சு இறுகிடும், அப்புறம் அத கரைக்கறது பெரிய தலைவலி. காலி டேங்க்ல மொதல்லயே ஒரு வாளி தண்ணி ஊத்தி ஆரம்பிங்க, மூணுல ரெண்டு பங்காவது ரொம்பினதும் ஒரே மூச்சா திறந்து விடுங்க, அந்த வேகம்தான் எல்லாத்தையும் அடிச்சுட்டு போகும். அஞ்சாம் நாள் அவ்வளவு சேரலன்னா திறக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி மட்டத்த ஏத்திக்கோங்க. டிஷ்யூ பேப்பர ஒரு பாட்டில் தண்ணியில போட்டு குலுக்கிப் பாருங்க, பிஞ்சு கரைஞ்சா சரி, முழுசா நின்னா வேண்டாம். வெட் வைப்ஸ் எவ்வளவு ஃப்ளஷ் பண்ணலாம்னு எழுதியிருந்தாலும் குப்பைக்குதான். ஹேண்ட் ஸ்ப்ரேல கழுவறவங்களுக்கு பேப்பர் தொல்லை இல்ல, ஆனா டேங்க் கொஞ்சம் வேகமா ரொம்பும், கணக்குல சேத்துக்கோங்க. நாத்தத்துக்கு ஊத்தற மருந்துல ஃபார்மால்டிஹைடு இல்லாததா பாத்து வாங்குங்க, அது செப்டிக் டேங்க்ல கழிவ செரிக்கிற பாக்டீரியாவையே கொன்னுடும், நெறைய கேம்ப்கிரவுண்டு செப்டிக்லதான் ஓடுது. ப்ளீச் ஊத்தவே ஊத்தாதீங்க, மூத்திரத்துல இருக்கற அம்மோனியாவோட சேந்தா விஷவாயு வரும்.

மாசரேட்டர் பம்ப் உங்களுக்கு தேவையில்ல. அது கழிவ அரைச்சு மெல்லிசான ஹோஸ் வழியா தூரத்துக்கோ மேட்டுக்கோ தள்ளறதுக்கு, டம்ப் பண்ற எடம் டிரெய்லர் வாய விட ஒசரமா இருந்தா அருமையான சாமான். உள்ள தண்ணி இல்லாம சும்மா ஓடவிட்டா உள்ள இருக்கற ரப்பர் சக்கரம் கெட்டுடும், ஒரு துணித்துண்டு போனாலும் நின்னுடும், அதனால தேவையில்லாதவங்க வாங்கினா பராமரிப்புதான் மிச்சம்.

கெளம்பற அன்னிக்கு டம்ப் ஸ்டேஷன்ல மொதல்ல பிளாக், அப்புறம் கிரே, சோப்புத் தண்ணி ஹோஸ கழுவிட்டுப் போயிடும், அதுக்காகவே கடைசி நாள் கிரேல அரை டேங்காவது மிச்சம் வச்சுக்கோங்க. கிளவுஸ் போடாம ஆரம்பிக்காதீங்க. குடிதண்ணி ஹோஸும் கழிவு அலசற ஹோஸும் வேற வேற கலர்ல, வேற வேற பெட்டியில இருக்கணும், அந்த ஸ்டேஷன் குழாய் தண்ணிய குடிக்கவோ குடிதண்ணி டேங்க்ல நிறைக்கவோ பயன்படுத்தக்கூடாது. டிரெய்லர் வாய் மூடிய கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வால்வும் முழுசா மூடியிருக்கான்னு கைய வச்சு தள்ளிப் பாத்துட்டு, கீழ ஒரு சின்ன டப் வச்சுக்கிட்டு கழட்டுங்க, வால்வ ஒட்டி எப்பவும் கொஞ்சம் தேங்கித்தான் இருக்கும், அது நேரா செருப்பு மேலதான் விழும்.