கைபேசி சிக்னல் இல்லாத சாலையில் எச்சரிக்கை வருமா?

கேள்வி: கார்கள் கம்பியில்லாத் தொடர்பின் மூலம் ஒன்றையொன்று எச்சரித்து விபத்தைத் தவிர்க்கும் என்கிறார்கள். அந்தத் தகவல்கள் மேகக் கணினிக்கு, அதாவது இணையம் வழியே எட்டும் தொலைதூரக் கணினிக்குப் போய்த்தான் திரும்பும் என்றால், கைபேசி சிக்னல் எட்டாத சாலையில் என்ன ஆகும்?

பதில்: அவசர எச்சரிக்கை மேகக் கணினிக்குப் போவதே இல்லை, ஆகவே சிக்னல் இல்லாத இடத்திலும் அது வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடுவதால், தகவல் சுற்றிவரும் தாமதத்துக்கு இங்கே இடமில்லை. உங்களுக்கு முன்னால் ஒரு லாரியும், அதற்கும் முன்னால் ஒரு காரும் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கார் சட்டென்று பிரேக் போட்டால், லாரி மறைப்பதால் உங்கள் கண்ணுக்கோ காரின் கேமராவுக்கோ அது தெரியாது. ஆனால், தன் இடம், வேகம், திசை, பிரேக்கின் நிலை ஆகியவற்றை நொடிக்குப் பத்து முறை வரை அந்தக் கார் ஒலிபரப்பிக்கொண்டே இருப்பதால், சில நூறு மீட்டருக்குள் இருக்கும் உங்கள் கார் கைபேசிக் கோபுரத்தையோ இணையத்தையோ நாடாமல் அதை நேரடியாகப் பெற்று, மோதும் வாய்ப்பைத் தானே கணக்கிட்டு உங்களை எச்சரித்துவிடும்.

மேகக் கணினியின் வேலை வேறு. ஒரே வளைவில் பல வண்டிகளின் சக்கரங்கள் வழுக்கியதாகத் தகவல் சேர்ந்தால், அரை மணி நேரம் கழித்து அங்கே வரப்போகிற ஓட்டுநருக்கு மேகக் கணினியால்தான் முன்கூட்டிச் சொல்ல முடியும்.

தொழில்நுட்பத்தைவிடப் பெரிய தடை எண்ணிக்கைதான் என்பது என் கருத்து. பத்தில் ஒரு காரில் மட்டும் இந்தக் கருவி இருந்தால், சாலையில் எதிர்ப்படும் இரண்டு கார்களிலுமே அது இருப்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். போதாக்குறைக்கு, வைஃபை குடும்பத்தைச் சேர்ந்த 2010ஆம் ஆண்டின் 802.11p என்ற தொடர்புத் தரநிலையும், கைபேசித் தொழில்நுட்பத்திலிருந்து 2017இல் உருவான சி-வி2எக்ஸ் தரநிலையும் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொள்ளாதவை. அமெரிக்கா 1999இல் இதற்கென ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 45ஐ 2020இல் வைஃபைக்குக் கொடுத்துவிட்டது. இருபது ஆண்டுகள் பெரும்பாலும் சும்மா கிடந்த இடத்தை அடுத்தவர் கேட்டதில் வியப்பில்லை.

கேள்வி: யாராவது பொய்யான எச்சரிக்கையை அனுப்பினால்?

பதில்: ஒவ்வொரு செய்தியும் மின்னணுக் கையொப்பத்துடன் வருவதால், செல்லத்தக்க சான்றிதழ் இல்லாதவற்றைக் கார் ஒதுக்கிவிடும். அந்தச் சான்றிதழில் உரிமையாளரின் பெயரோ வண்டி எண்ணோ இருக்காது. யாரும் பின்தொடராதபடி அதுவும் அவ்வப்போது மாற்றப்படும். ஆனால் முறையான சான்றிதழ் உள்ள காரின் உணரியே பழுதாகித் தவறான வேகத்தைச் சொன்னால் கையொப்பம் உதவாது. அதனால்தான் வந்த செய்தியைத் தன் ரேடாருடனும் கேமராவுடனும் ஒப்பிட்டுப் பார்க்காமல், அதை மட்டுமே நம்பிக் கார் தானாகப் பிரேக் போடும்படி அமைப்பதற்குப் பொறியாளர்கள் தயங்குகிறார்கள்.