வாசகர் கேள்வி பதில்: மாமியாருக்கு பெருமாள் பேரே மறந்துடுச்சு

கேள்வி: என் மாமியார் காலைல குளிச்சு விளக்கேத்தி பாசுரம் சொல்லாம காபி கூட குடிக்க மாட்டாங்க. இப்ப டிமென்ஷியா முத்திப்போயி பேச்சே கிட்டத்தட்ட நின்னுடுச்சு, பெருமாள் படத்தை காட்டினா மூஞ்சிய திருப்பிக்கிறாங்க. நாத்தனார் வந்து "கடைசி காலத்துல நாராயணான்னு சொல்லலன்னா கதி ஏது, எந்த ஜென்மத்து பாவமோ"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. எனக்கு தூக்கமே வரல. நான் என்ன செய்யணும்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: முதல்ல அந்த பாவப் பேச்சை விடுங்கம்மா. இது மூளை செல் அழியற வியாதி, எவ்ளோ பக்தியா இருந்தவங்களுக்கும் வரும். கதி பத்தின பயத்துக்கு பெரியாழ்வாரே பதில் சொல்லியாச்சு, உங்க மாமியார் வாயால பல தடவை சொல்லியும் இருப்பாங்க: "எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்க மாட்டேன், அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் அரங்கத்து அரவணைப் பள்ளியானே." தளர்ச்சி வந்து வாட்டும்போது உன்னை நினைக்க முடியாது, அதுக்குதான் இப்பவே சொல்லி வச்சுட்டேன்னு ஸ்ரீரங்கத்து பெருமாள்கிட்டயே ஆழ்வார் சொல்றார். நல்லா இருந்தப்ப தினமும் சொன்னவங்க கணக்கு தீர்ந்தாச்சு, இனிமே அவங்களுக்காக சொல்ல வேண்டியது நீங்கதான். நாத்தனார்கிட்டயும் இந்த பாசுரத்தை சொல்லுங்க.

படத்தை பாத்து திருப்பிக்கிறதை வெறுப்புன்னு எடுத்துக்காதீங்க, கண்ணு பாக்குறது என்னன்னு மூளைக்கு புரியாம போயிருக்கும். வாசனையும் அல்சைமர்ல (டிமென்ஷியாவுல ரொம்ப சகஜமான வகை) சீக்கிரமே போயிடும், அதனால சாம்பிராணி, பூ எல்லாம் பெருசா எட்டாம போகலாம். பழகின ராகமும் தொடுதலும்தான் ரொம்ப நாள் நிக்குது. அவங்க சொல்ற அதே மெட்டுல, மெதுவா, பக்கத்துல உக்காந்து கைய புடிச்சுக்கிட்டு நீங்களே சொல்லுங்க, மொபைல்ல சத்தமா போட்டுட்டு சமையலுக்கு போயிடாதீங்க. சில பேர் பாதி வரியில உதட்டை அசைப்பாங்க, சில பேர் ஒண்ணுமே செய்ய மாட்டாங்க, ரெண்டும் சரிதான். "இது யாரு, சொல்லுங்க பாப்போம்"னு பரிட்சை மட்டும் வைக்க வேண்டாம். இதெல்லாம் காலைல வச்சுக்கோங்க, சாயங்காலம் ஆக ஆக நிறைய பேருக்கு பதட்டம் கூடும்.

கோயிலுக்கு கூட்டிட்டு போய் கூட்டத்துல நிறுத்தணும்னு இல்ல. உங்க ஊர்ல சாமி வீதிக்கே வருதே, அன்னைக்கு வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வைங்க, கொட்டுச் சத்தத்துல மிரண்டா உடனே உள்ள கூட்டிட்டு வந்துடுங்க. பட்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சா சடாரி (பெருமாள் பாதம் பதிச்ச கிரீடம்) சாதிப்பார், தலையில அது படுறது அவங்களுக்கு எத்தனையோ வருஷத்து பழக்கம், ஆனா வைக்கிறதுக்கு முன்னாடி "அம்மா, சடாரி"ன்னு காதுல சொல்லிடுங்க. ஆடிப்பெருக்குக்கு படித்துறை வழுக்கும், வேண்டாம், ஒரு சொம்பு காவேரி தண்ணி கொண்டு வந்து அவங்க கைய நனைச்சு விடுங்க போதும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேளுங்க. முத்தின நிலைல விழுங்குறது கஷ்டம், தீர்த்தம் மாதிரி தண்ணியா இருக்கறதுதான் சட்டுனு புரை ஏறி நுரையீரலுக்கு போகும். வாயில ஊத்தாதீங்க, துளசியும் போடாதீங்க, விரல நனைச்சு உதட்டுல தடவினாலே பிரசாதம்தான். ஏகாதசி பட்டினியும் அவங்களுக்கு கிடையாது. திடீர்னு கத்துறது, தட்டி விடுறதுன்னு ஆரம்பிச்சா திருஷ்டி கழிக்கிறதுக்கு முன்னாடி டாக்டரை பாருங்க, யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், எங்கயாவது வலின்னு ஏதாவது இருக்கும், அவங்களால சொல்ல முடியல.

கேள்வி: அப்பாவுக்கும் இதே வியாதி. பூசையில கொடுக்கிற அப்பமான நற்கருணைய துப்பிடறார். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைப்பூசுதலுக்கு ஃபாதரை கூப்பிட்டா சாவை கூப்பிடுற மாதிரின்னு அம்மா அழறாங்க. (ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: துப்புறது அவமரியாதை இல்லைங்க, வாயில இருக்கறது என்னன்னு தெரியல அவருக்கு. ஃபாதர்கிட்ட சொல்லுங்க, ரொம்ப சின்ன துண்டா கொடுக்கலாம், அதுவும் முடியலன்னா வற்புறுத்த மாட்டார். அவஸ்தைப்பூசுதலுக்கு இப்ப பேரே நோயில்பூசுதல், சாகிற நேரத்துக்கு மட்டும்னு இல்ல, நோய் கூடினா மறுபடியும் கொடுப்பாங்க. அம்மாவையே ஃபாதர்கிட்ட நேர்ல கேக்க சொல்லுங்க. ஜெபமாலை அப்பா கையில இருக்கட்டும், மணி வாய்க்கு போகாம பக்கத்துல ஒருத்தர் பாத்துக்கணும்.