பயமும் 'என்னால் முடியுமா' என்ற சந்தேகமும் இருந்தும் நீங்கள் துணிந்து இறங்கிய சவால் எது?

நீச்சல். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நீச்சல்குளத்தில் கற்றுக்கொண்டேன்.

தேனிப் பக்கம் எங்கள் கிராமத்தில் ஆண்பிள்ளைகளின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். கோடை விடுமுறை முடிவதற்குள் அவர்கள் மேலிருந்து குதிக்கத் தொடங்கிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் படிக்கட்டோடு நின்றுகொள்ள வேண்டும். அந்தக் கிணற்றில்தான் என் பெரியப்பா மகன் மூழ்கி இறந்தான். அவனுக்கு நன்றாகவே நீந்தத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும்.

ஆகவே, பயத்தைத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இலங்கையின் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இக்கரைக்கும் அக்கரைக்குமாக நீந்திக் கடந்தவர். அவ்வளவு பெரிய வீரரே 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். தண்ணீரிடம் பயம் இருப்பது அறிவுடைமை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆழம் குறைந்த பக்கத்தில் தொடங்க வேண்டும், உயிர்காப்பாளர் இல்லாத நேரத்தில் இறங்கக் கூடாது. இவை என் பயம் எனக்கு விதித்த நிபந்தனைகள். நான் அவற்றை மீறுவதில்லை.

சந்தேகம் வேறு ரகம். இந்த வயதில், இந்த உடம்போடு, நாலு பேர் முன்னால் நீச்சல் உடையில் நின்று என்ன சாதிக்கப்போகிறாய் என்று, நான் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே அது தீர்ப்பு எழுதிவிட்டது. அதோடு வாதாடி வென்றவர்கள் இருக்கலாம். எனக்கு அது கைவரவில்லை. செய்து பார்த்தால் உடனே விடை தெரிந்துவிடுகிற சிறிய வேலை ஒன்று கையில் இருந்தபோது மட்டும்தான் அதன் குரல் அடங்கியது.

அப்படிப்பட்ட முதல் வேலை, குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீருக்குள் அமிழ்த்தி மூக்கால் மூச்சு விடுவது. குமிழிகள் வந்தால் சரி, அவ்வளவுதான். அடுத்தது குப்புற மிதப்பது. அங்கேதான் நெடுநாள் தடைபட்டு நின்றேன். கால்கள் கீழே போய்க்கொண்டே இருந்தன. என் உடம்பு மிதக்கிற உடம்பே இல்லை என்று நான் முடிவுகட்டியிருந்தபோது பயிற்சியாளர், என்னைவிட மிகவும் இளைய பெண், "அக்கா, தரையைப் பாருங்கள். தலையை மட்டும் தூக்காதீர்கள்" என்றார்.

நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலோர் உடம்பு மிதக்கும். காற்றை முழுவதும் விட்டுவிட்டால் அமிழத் தொடங்கும். பயந்துபோனவர் மூச்சைச் சட்டென்று வெளியே விடுகிறார், கழுத்தை விறைத்துத் தலையைத் தூக்குகிறார். நான்கைந்து கிலோ எடையுள்ள தலை நீருக்கு மேலே போனதும் இடுப்பும் கால்களும் தாழ்கின்றன. மூழ்குகிறோம் என்ற பதற்றம் கூடுகிறது, தலை இன்னும் மேலே எழும்புகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குப் பெரிய விடுதலை. 'என்னால் முடியாது' என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் 'இப்போது தலையைத் தூக்கிவிட்டேன்' என்று சொல்ல முடிந்தது. முன்னதற்கு மருந்தே கிடையாது. பின்னதை அடுத்த மூச்சிலேயே திருத்திக்கொள்ளலாம்.

குப்புற இருந்து கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் பக்கவாட்டில் திரும்பி மூச்சு இழுப்பதும் இதே பாடுதான், இன்னும் கூடுதலாகத் தண்ணீர் குடித்தேன். அந்த நாட்களில் இந்திய நீச்சல் வீராங்கனை ஆரதி சாஹாவைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் இறங்கியவர், நீரோட்டம் எதிர்த்ததால் பாதியில் கைவிட நேர்ந்தது. செப்டம்பர் 29 அன்று மறுபடி இறங்கி, 16 மணி நேரத்துக்கு மேல் நீந்திக் கரை சேர்ந்தார். கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர். அப்போது வயது 19. முதல் முயற்சி தோற்றதை அன்றைய கடல் எப்படி இருந்தது என்ற தகவலாக மட்டும் அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்று நம்ப எனக்குப் பிடிக்கும்.

இப்போது குளத்தின் நீளத்தை நிற்காமல் நீந்துகிறேன். ஆழமான பக்கத்துக்குப் போகும்போது நெஞ்சு இன்றும் படபடக்கிறது. அப்போது மல்லாந்து மிதந்து, மூச்சு சீரானதும் தொடர்கிறேன்.

நீங்களும் எதையாவது தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்று கேள்வியில் எழுதவில்லை. ஒருவேளை அதுவும் நீச்சல்தான் என்றால், பக்கத்தில் இருக்கும் குளத்தில் பெண்களுக்கென ஒதுக்கிய நேரம் உண்டா, ஆழம் குறைந்த பக்கம் நெஞ்சளவுக்குள் இருக்கிறதா, பெரியவர்களுக்குக் கற்பித்த அனுபவம் பயிற்சியாளருக்கு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிணற்றிலோ கண்மாயிலோ தனியாகப் பழக வேண்டாம். ஆறு வேண்டவே வேண்டாம். மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறதென்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது.